கிருஷ்ணகிரியில் கிடைத்த எபிரேய ஜெபப் புத்தகம்: ரபியின் கையெழுத்து நிஜமா?

பழையபேட்டை_வாசகன்:
வணக்கம். இங்கே பழைய பேப்பர் கடை மூட்டையில் ஒரு எபிரேயப் புத்தகம் வந்திருக்கு. தோல் அட்டை, இரண்டு விரல் கனம், 16 செ.மீ. உயரம். பக்க நடுவில் புள்ளி வைத்த பெரிய எழுத்து, சுற்றிலும் வேறு மாதிரி பொடி எழுத்து. கடைசித் தாளில் பெரிதாக இருக்கும் சொல் 'ஆம்ஸ்டர்டாம்' என்கிறது செயலி. உள்அட்டையில் பழுப்பு மையில் இரண்டு வரி, ஒரு வட்ட முத்திரை. படங்கள் போட்டிருக்கேன். பெங்களூர் வியாபாரி ஒருவர் "ராஷி உரை, பெரிய ரபி (யூத மதகுரு) வைத்திருந்த பிரதி" என்கிறார். எவ்வளவு நம்பலாம்? முதுகு பிய்ந்திருக்கு, பைண்டிங்குக்குக் கொடுக்கலாமா?

தகடூரான்:
அது கடைசித் தாள் இல்லைங்க, அதுதான் முகப்பு. எபிரேயம் வலமிருந்து இடம் போகும்.

பொடி எழுத்துக்குப் பெயரே ராஷி எழுத்து. ராஷி வேதத்துக்கு உரை எழுதிய பிரெஞ்சு யூத அறிஞர். 1475இல் இத்தாலியின் ரெஜ்ஜியோ கலாப்ரியாவில் அவர் உரையை அந்த அச்சில் போட்டார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. 1105இல் இறந்த ராஷி அப்படி எழுதியவரே இல்லை. பின்னால் வந்த மற்ற ரபிகளின் உரைகளும் பெரும்பாலும் அந்த எழுத்திலேயே அச்சாயின. உரை யாருடையது என்பதை முகப்பில்தான் தேடணும். ரபி ஏசாயா ஹோரோவிட்ஸின் உரையோடு ஆம்ஸ்டர்டாமில் 1717இல் ஒரு சித்தூர், அதாவது அன்றாட ஜெபப் புத்தகம், வந்தது. ரபி யாக்கோபு எம்டெனுடையது ஹாம்பர்க் பக்கத்து அல்தோனாவில் 1745 முதல். பண்டிகை ஜெபங்கள் என்றால் மஹ்ஸோர்.

'ஆம்ஸ்டர்டாம்' பழைய தந்திரம். அந்த ஊர் அச்செழுத்துக்கு நல்ல பெயர் இருந்ததால், 'ஆம்ஸ்டர்டாம் எழுத்துகளில்' என்று போட்டு, ஊர்ப்பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் விடுவார்கள். அதற்கு மேலே பொடியாக 'பெஓத்தியோத்', அதாவது 'எழுத்துகளில்', என்று இருக்கா பாருங்க. இருந்தால் உண்மையான ஊர் வேறு வரியில் ஒளிந்திருக்கும்.

எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு, வருடம் அந்தக் கூட்டலில் இருக்கும். பெரும்பாலும் ஒரு வேதவசனம். அதில் பெரிதாகவோ மேலே புள்ளியோடோ உள்ள எழுத்துகளை மட்டும் கூட்டணும். உங்கள் படத்தில் தாவ் 400, கோஃப் 100, ஆயின் 70, ஹே 5 தெரிகிறது. மொத்தம் 575. அதாவது யூத ஆண்டு 5575, ஆயிரக் கணக்கை விட்டுவிட்டது. 575உடன் 1240 சேர்த்தால் கி.பி. 1815. யூத ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால் 1814 கடைசியாகவும் இருக்கலாம். ஹே (5), ஹெத் (8), தாவ் (400) மூன்றும் சின்ன இடைவெளியில்தான் வேறுபடும். லென்ஸ் வைத்துப் பார்த்து உறுதிப்படுத்துங்க.

எழுத்தாணி:
உடைமைக் குறிப்பு பற்றி. யூதர்கள் பெயர் எழுதும் முன் "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது" என்ற சங்கீதம் 24இன் முதல் வரியைச் சுருக்கி மூன்று எழுத்தில் போடுவது வழக்கம். புத்தகம் தனக்குச் சொந்தம் என்பதற்கு முன் அந்தப் பணிவு. ரபிகள் பெயருக்கு முன் 'ஹகத்தான்', அதாவது 'சிறியவன்' என்று போடுவார்கள். பெயருக்குப் பின் 'நினைவு ஆசீர்வதிக்கப்படுவதாக' என்பதன் சுருக்கம் இருந்தால், அது அவர் கை இல்லை. அவர் போன பிறகு பேரனோ நூலகரோ எழுதியது. வியாபாரிகள் இதைக் கண்டுகொள்வதே கிடையாது.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. ஒரே பெயரில் நாலு தலைமுறை வரும், அதனால் தகப்பன் பெயரும் ஊரும் இல்லாத குறிப்பை ஒரு பிரபல ரபியின் தலையில் கட்டக்கூடாது.

மையைச் சோதிக்க: கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்க. பழைய இரும்பு மை கருப்பாகவே நிற்கும். பிறகு வரியைக் கடக்கும் பூச்சித் துளையைப் பாருங்க. துளையின் விளிம்பு எழுத்தைச் சுத்தமாக வெட்டியிருந்தால் எழுத்து முந்தியது. மை துளைக்குள் இறங்கி ஓரத்தில் கசிந்திருந்தால் துளை முந்தியது.

ஓசூர்_பைண்டர்:
பைண்டிங்குக்குக் கொடுக்காதீங்க. நம்ம பக்கம் பசையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கலப்பாங்க. பூச்சிக்கு நல்லது, தாளுக்கு எமன். செம்பு தாளை அரிச்சிடும். ஓரம் வெட்டினால் ஓரத்துக் கையெழுத்தும் போச்சு. செல்லோடேப், லேமினேஷன் பேச்சே வேண்டாம். பிய்ந்த முதுகைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி வைத்தால் இப்போதைக்குப் போதும்.

படத்தில் அது மாம்பழ அட்டைப்பெட்டியில் இருக்கு, முதலில் வெளியே எடுங்க. அந்த அட்டை அமிலம், சர்க்கரைக் கறைக்குப் பூச்சி வரும். பூச்சி இருந்தால் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, -18 டிகிரியில் 2 வாரம். எடுத்த பின் ஒரு நாள் பையைத் திறக்கக்கூடாது, திறந்தால் வேர்த்து மை கசியும். விரிக்கும்போது இரண்டு பக்கமும் துணிச்சுருள் வையுங்க, தட்டையாக மலர்த்தாதீங்க. தரையில் வைக்காதீங்க, யூதர்களுக்கு அது மரியாதைக் குறைவு.

தகடூரான்:
வெளிநாட்டுக்காரர் கேட்டால் கவனம். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய இப்படிப்பட்ட பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பார்சல் கூரியரில் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

பழையபேட்டை_வாசகன்:
நன்றிங்க. ஆம்ஸ்டர்டாமுக்கு மேலே பொடியாக அந்தச் சொல் இருக்கு! டார்ச்சில் முதல் வரி கருப்பு. இரண்டாவது வரி, பெயர் உள்ள வரி, லேசான நீலமாகத் தெரிகிறது. அந்த வரியில் உள்ள துளைக்குள் மை இறங்கியிருக்கு.

எழுத்தாணி:
அப்போ பெயர் வரி பின்னால் சேர்த்தது. அதற்காக வியாபாரி கேட்கும் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். முதல் வரி வேறு கை, வேறு மை. அதை மட்டும் நெருக்கமாகப் படம் பிடிச்சுப் போடுங்க. வட்ட முத்திரையின் விட்டத்தையும் மி.மீ. கணக்கில் அளந்து சொல்லுங்க.