ரேக்கில் எல்ஐயு (ஃபைபர் கேபிள் வந்து முடிகிற பெட்டி) மாட்டும்போது நடந்தவை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

சமயநல்லூர் ஸ்ப்ளைசர்:

போன மே மாதம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு சின்ன எக்சேஞ்ச் அறை. கருவிகள் ஓடிக்கொண்டிருக்கிற ரேக்கில் 24 போர்ட் எல்ஐயு ஒன்றைக் கூடுதலாக ஏற்ற வேண்டும். ஸ்ப்ளைஸ், அதாவது ஃபைபர்களை ஒட்டுகிற வேலை, முடிந்து கேபிளும் பெட்டியும் ஒன்றாகிவிட்டன. இனி பெட்டியைத் தூரமாக வைக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது. ஹெல்ப்பர் தம்பி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருக்கிறான், நான் முடுக்குகிறேன். இடது பக்கம் ஏறிவிட்டது. வலது பக்கம் ஸ்க்ரூவை வைத்து அழுத்தியதும் கேஜ் நட் (ரேக்கின் சதுரத் துளையில் மாட்டுகிற தனி நட்டு) பின்பக்கமாகக் கழன்றது. டிங் என்று ஒரு சத்தம். நேர் கீழே ஏசி கரண்டை டிசியாக மாற்றுகிற ரெக்டிஃபையர், அதன் மேல்பக்கம் முழுக்கக் காற்றுத் துளை.

"அண்ணே, கை வலிக்குதுண்ணே" என்கிறான். அவன் விட்டால் பெட்டி ஒரு பக்கமாகத் தொங்கும், கேபிள் மடங்கும். நட்டு எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் கரண்டை ஓட விடவும் பயம். கடைசியில் ஆபீசுக்குச் சொல்லிவிட்டு மெயின், பேட்டரி இரண்டு பிரேக்கரையும் இறக்கினோம். அந்த ரேக்கை நம்பியிருந்த ஊர்கள் அத்தனைக்கும் லைன் போயிற்று. நட்டு ரெக்டிஃபையரின் விளிம்பில்தான் கிடந்தது.

பெட்டியை முதலில் ரேக்கில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் நிதானமாக முடுக்குகிற மாதிரி ஏன் செய்து தருவதில்லை? கதவுக் கீல் மாதிரி ஒரு கொக்கி போதுமே. இது எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் தருகிற விஷயம்.

கப்பலூர் மெயின்டனன்ஸ்:

எங்கள் தொழிற்சாலையில் வேறு கதை. கான்ட்ராக்டர் அனுப்பிய பையன் ஒரு பக்கம் ஸ்க்ரூ போட்டுவிட்டான், அடுத்தது துளைக்கு நேராக வரவில்லை. நான் போய்ப் பார்க்கும்போது பிராக்கெட் (பெட்டியை ரேக் தூணோடு பிணைக்கிற பக்கத் தகடு) துளையை அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறான். இரும்புத்தூள் முழுக்க மூடி போடாத அடாப்டர்களின் (ஃபைபர் முனையைச் செருகுகிற வாய்) மேல் கொட்டுகிறது. அந்தக் காட்சியை மறக்கவே முடியாது. நிறுத்தச் சொல்லி எல்லா போர்ட்டையும் துடைக்க வைத்தேன்.

காரணம் சின்னது. ரேக் துளைகள் ஒரே இடைவெளியில் இருக்காது. 15.9 மி.மீ., 15.9 மி.மீ., அப்புறம் 12.7 மி.மீ. என்று மாறி மாறி வரும். மூன்று துளை சேர்ந்தால்தான் 1 யு (ரேக்கின் உயர அளவு), அதாவது 44.45 மி.மீ. ஒரு யு எங்கே தொடங்குகிறது என்றால், அந்தக் குறுகிய 12.7 இடைவெளியின் நடுவில். 1 யு பெட்டியின் பிராக்கெட்டில் பெரும்பாலும் முதல் துளைக்கும் மூன்றாவது துளைக்கும்தான் ஓட்டை இருக்கும். நடுத் துளையில் ஆரம்பித்தால் அடுத்தது 3 மி.மீ. தள்ளி நிற்கும். அங்கேதான் அரத்தைத் தேடுகிறார்கள். பெட்டியைக் கையில் எடுக்கும் முன்பே இரண்டு தூணிலும் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். எண் அச்சடித்த ரேக்காக வாங்குங்கள். கேஜ் நட்டை விரலால் அழுத்தாதீர்கள், அதற்கென்று கொக்கிக் கருவி இருக்கிறது; நட்டின் இரண்டு இறக்கையும் சதுரத் துளையின் பக்கவாட்டு விளிம்பில் கவ்வியிருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். சமயநல்லூர் தம்பியின் நட்டு கழன்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

கொக்கி, கிளிப் எதுவும் எனக்கு வேண்டாம். எங்கள் ரேக்குக்குப் பக்கத்திலேயே கம்ப்ரசர் ஓடுகிறது. அதிர்வுக்கு நான்கு ஸ்க்ரூதான் நிற்கும்.

உசிலை கேபிள்:

கப்பலூர் அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்க முடியவில்லை. தம்பி கேட்டது ஸ்க்ரூவுக்குப் பதில் கொக்கி இல்லை. கொக்கி எடையைத் தாங்கும், ஸ்க்ரூ அதிர்வைத் தாங்கும், இரண்டும் இருக்கட்டும் என்கிறார். நட்டைச் சரியாகப் போடு என்று சொல்வதை விட, தனி நட்டே தேவைப்படாத பெட்டியைக் கேட்பது நல்லது இல்லையா?

என் அனுபவம் கதவைப் பற்றியது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று அதிகாலை, ஊரே நேரலை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு ஏரியாவில் டிவி மட்டும் போய்விட்டது, நெட் வருகிறது. கன்ட்ரோல் ரூமுக்கு ஓடி ரேக்கின் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். போன் வருகிறது: "வந்துருச்சுண்ணே." சாத்தினேன். "போயிருச்சு." திரும்பத் திறந்தால் வருகிறது. பேட்ச் கார்டுகளை, அதாவது பெட்டியின் முகப்பில் செருகுகிற சின்ன ஃபைபர் கேபிள்களை, கதவு அழுத்தி மடக்கியிருந்தது. எங்கள் லைனில் டிவி 1550 நானோமீட்டர் அலைநீள ஒளியில் போகிறது, நெட் 1490, 1310ல். வளைவு கூடினால் முதலில் அடி வாங்குவது 1550தான். பழைய ஜி.652.டி ஃபைபருக்கு 30 மி.மீ. ஆரமாவது வேண்டும்; வளைவு தாங்குகிற ஜி.657.ஏ2 வகை என்றால் 7.5 மி.மீ. வரை தாங்கும்.

அன்று கதவைத் திறந்தே வைத்து ஓட்டினோம். பிறகு பிராக்கெட்டைக் கழற்றி, பெட்டியின் பக்கவாட்டில் அடுத்த துளை வரிசைக்கு மாற்றி, பெட்டியைச் சில அங்குலம் உள்ளே தள்ளி மாட்டினேன். முகப்பு ரேக் தூணோடு சமமாக நின்றால் பேட்ச் கார்டு வளைய இடமே இல்லை. மாட்டுகிறவர்கள் யாரும் கதவைச் சாத்திப் பார்ப்பதில்லை.

ஒத்தக்கடை, கல்லூரி டேட்டா ரூம்:

நான் தனியாக வேலை பார்க்கிறவள். பெட்டி பிடிக்க ஆள் கேட்டால் "மேடம், சாயங்காலம் வர்றோம்" என்பார்கள். சமீபத்தில் எங்களுக்கு வந்த பேனலில் பிராக்கெட்டின் கீழ்த் துளை அடிப்பக்கம் திறந்த பள்ளமாக இருந்தது. கீழ் ஸ்க்ரூ இரண்டையும் பாதி முடுக்கி வைத்து, பெட்டியை அதன் மேல் இறக்கினேன். டக் என்று உட்கார்ந்தது. இரண்டு கையையும் எடுத்துவிட்டேன், பெட்டி நின்றது. அந்த நொடியை என்னால் விவரிக்கவே முடியவில்லை. மேல் ஸ்க்ரூ பிராக்கெட்டோடு சேர்ந்தே இருக்கிறது, கழன்று விழாது. கப்பலூர் சார், முழுதாக முடுக்கினால் இதிலும் நான்கு ஸ்க்ரூதான்.

உசிலை அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். இரண்டு கார்டு கண்ணாடியில் படுகிறது. நாளை பெட்டியை உள்ளே தள்ளுகிறேன்.

சமயநல்லூர் ஸ்ப்ளைசர்:

கப்பலூர் அண்ணே, நட்டு இரண்டு இறக்கையும் கவ்வித்தான் இருந்தது, பழைய நட்டு என்பதால் ஸ்பிரிங் செத்துவிட்டது. மேடம், எங்களிடம் இருப்பதெல்லாம் பள்ளம் இல்லாத பழைய பிராக்கெட். பெட்டி உட்கார வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழ்த் துளையில் பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு, அதன் மேல் பிராக்கெட் விளிம்பைத் தாங்க வைக்கலாம் என்று நினைக்கிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? 48 போர்ட் பெட்டியின் எடைக்கு அது நிற்குமா?