டெண்டர் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

பட்டறைக்காரன் (காலை 9.12)

நேற்று "கொள்முதல் மேசை" என்ற அன்பர் இங்கே ஒரு முத்து உதிர்த்திருந்தார்: "30 நாளில் பதில் வராவிட்டால் கிடைக்கவில்லை என்று சப்ளையருக்கே புரிய வேண்டாமா? விலை கொடுத்த 14 பேருக்கும் கடிதம் போட நாங்கள் என்ன தபால் ஆபீஸா?"

கொட்டேஷன் கேட்கும்போது 14 பேருக்கும் மெயில் போட முடிந்ததே ஐயா! அதுவும் சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு, "திங்கள் காலைக்குள் மிக அவசரம்" என்று.

நான் கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் 22 வருடமாக வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறேன். போன ஆவணியில் ஒரு கம்பெனிக்கு பம்ப் கேசிங் (பம்பின் வெளிக்கூடு) விலை கொடுத்தேன். டிராயிங் பார்த்து, பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி அச்சு) செலவு கணக்குப் போட்டு, சொந்தக் காசில் 3 சாம்பிள் வார்த்தும் கொடுத்தேன். ஆர்டர் வந்துவிடும் என்று நம்பி மணலில் அச்சு எடுக்கும் மோல்டர் இரண்டு பேரைச் சும்மா வைத்திருந்தேன். கார்த்திகை வரை மூச்சில்லை. கடைசியில் டீக்கடையில் பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்லித்தான் தெரியும், ஆர்டர் அவருக்கே போயிருக்கிறது. என் சாம்பிள் இன்னும் திரும்பி வரவில்லை.

கொள்முதல் மேசை (9.40)

பெயர் சொல்லி இழுத்ததற்கு நன்றி. கடிதமே போடுவதில்லை என்று நான் எங்கே சொன்னேன்? கேட்பவருக்குப் போடுவோம். எங்கள் வாசகம் இதுதான்: "தங்கள் விலைப்புள்ளி ஏற்கப்படவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். எதிர்காலத்திலும் தங்கள் ஒத்துழைப்பை நாடுகிறோம்." இதைவிட மரியாதை வேண்டுமா? ஆரத்தி எடுக்க வேண்டுமா?

பட்டறைக்காரன் (9.48)

வருத்தமா? யாருக்கு வருத்தம்? கிலோவுக்கு 2 ரூபாய் குறைவாக வாங்கிவிட்டீர்கள், சந்தோஷம்தானே உங்களுக்கு. எனக்கு இருக்கிற வருத்தத்தை நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள்?

பழைய தணிக்கை (10.05)

இரண்டு பேருமே விதி தெரியாமல் பேசுகிறீர்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 173: நிராகரித்த காரணத்தை டெண்டர்தாரர் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். விதி 170: தோற்றவர்களின் ஈ.எம்.டி.யை (டெண்டரோடு கட்டிய முன்வைப்புத் தொகை), ஒப்பந்தம் கொடுத்த 30-ஆம் நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மேசையார் சொல்லும் "30 நாள்" இங்கிருந்து சுட்டதுதான் போலிருக்கிறது. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் மேல்முறையீட்டுக்கு உத்தரவு கிடைத்ததிலிருந்து 10 நாள்தான். உத்தரவே கைக்கு வராவிட்டால் அந்த 10 நாளை எங்கிருந்து எண்ணுவது?

அப்புறம், கோப்பில் "வருத்தம்" என்ற சொல் வரவே கூடாது. தப்பு செய்தவன்தான் வருந்துவான். நான் பணியில் இருந்தபோது அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் அடிப்பேன்.

கொள்முதல் மேசை (10.11)

ஐயா, நாங்கள் தனியார் கம்பெனி. உங்கள் விதி எங்களைத் தொடாது.

பழைய தணிக்கை (10.14)

விதி விதிதான்.

அட்டைப்பெட்டி (10.32)

சிவகாசியிலிருந்து எழுதுகிறேன். எனக்குக் கடிதமெல்லாம் அழகாக வரும், லெட்டர்பேடில், சீல் வைத்து. எல்-1 விலை, அதாவது வந்ததிலேயே குறைந்த விலை, என்ன என்று போன் போட்டுக் கேட்டால் மட்டும் "அது ரகசியம் மேடம்". அரசாங்கத்தின் ஜெம் கொள்முதல் இணையதளத்தில் யார் எல்-1, என்ன விலை என்று திரையிலேயே தெரிகிறது. 40 பைசாவில் தோற்றேனா 4 ரூபாயில் தோற்றேனா என்று தெரிந்தால்தானே அடுத்த முறை காகிதத்தை மாற்றலாமா, லாபத்தைக் குறைக்கலாமா என்று யோசிக்க முடியும்? வருத்தத்தை வைத்துப் பெட்டி ஒட்ட முடியாது.

கொள்முதல் மேசை (10.41)

அக்கா, ஒருவர் விலையை இன்னொருவரிடம் சொன்னால் நாளைக்கு உங்கள் விலையையும் சொல்வோம். பரவாயில்லையா?

பட்டறைக்காரன் (10.44)

இப்போது மட்டும் சொல்லாமலா இருக்கிறீர்கள்! என் விலையைப் பக்கத்துப் பட்டறையில் காட்டித்தானே 2 ரூபாய் குறைத்தீர்கள். அரசு டெண்டரில் எல்-1 தவிர மற்றவரிடம் பேரம் பேசக் கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. நீங்களோ தோற்றவன் விலையைத் துருப்புச்சீட்டாக வைத்துக்கொண்டு, அவனுக்கே "வருத்தத்துடன்" கடிதம் போடுகிறீர்கள். வருத்தமாம்!

கொள்முதல் மேசை (10.50)

உங்கள் கம்பெனிக்காரர் செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? நான் அங்கே வேலை பார்க்கவில்லை. இன்னொன்று, விலையில் தோற்றதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வார்ப்பில் ஊதுதுளை (காற்று சிக்கி விழும் ஓட்டை) இருந்திருக்கலாமே?

பட்டறைக்காரன் (10.52)

ஊதுதுளையா? என் வார்ப்பிலா?

பட்டறைக்காரன் (10.53)

22 வருடத்தில் எத்தனை பீஸ் திரும்பி வந்தது என்று குறிச்சியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அப்படியே இருந்தாலும் அதை எழுத வேண்டியதுதானே? "3 சாம்பிளில் ஒன்றில் ஊதுதுளை" என்று ஒரு வரி போட்டிருந்தால் மணலைப் பார்த்திருப்பேன், ஈரத்தைப் பார்த்திருப்பேன். "வருத்தம்" என்று எழுதினால் நான் எதைப் பார்ப்பது?

தமிழாசிரியர் (11.10)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "தெரிவித்துக்கொள்கிறோம்" தவறு. தனக்குத்தானே தெரிவிப்பதா? "தெரிவிக்கிறோம்" போதும்.

பழைய தணிக்கை (11.13)

அரசு ஆணைகளில் 36 ஆண்டுகள் "தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்றுதான் எழுதினேன். எந்த அமைச்சரும் தவறு என்று சொன்னதில்லை.

தமிழாசிரியர் (11.15)

அதுதான் பிரச்சினையே.

அட்டைப்பெட்டி (11.21)

இலக்கணம் இருக்கட்டும். உத்யம் என்ற சிறுதொழில் பதிவுள்ள சிறு நிறுவனம் எல்-1 விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் இருந்தால், எல்-1 விலைக்கே இறங்கி வந்து ஒரு பங்கு வாங்கலாம் என்று மத்திய அரசின் கொள்முதலில் ஒரு வழி இருக்கிறது. எல்-1 விலையைச் சொன்னால்தானே இறங்க முடியும்? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன் (11.24)

அக்கா, அதை அப்புறம் பேசலாம். முதலில் இவர் "வருத்தம்" என்ற சொல்லை வாபஸ் வாங்கட்டும்.

கொள்முதல் மேசை (11.30)

முடியாது. வருத்தம் போடாவிட்டால் திமிர் என்பீர்கள், போட்டால் பொய் என்பீர்கள். ஒரு கொட்டேஷனுக்கு எட்டு தடவை போன் போட்டு "என்ன சார் ஆச்சு, என்ன சார் ஆச்சு" என்பவர்களும் நீங்கள்தான். இதோடு இந்த இழையிலிருந்து விலகுகிறேன்.

பட்டறைக்காரன் (11.31)

வருத்தத்துடனா?

பழைய தணிக்கை (11.38)

மேசையார் 9.40 பதிவைத் திருத்தியிருக்கிறார். முதலில் "கேட்பவருக்குச் சில சமயம் போடுவோம்" என்று இருந்தது. "சில சமயம்" இப்போது காணவில்லை.

கொள்முதல் மேசை (11.40)

எழுத்துப்பிழை திருத்தினேன்.

பட்டறைக்காரன் (11.41)

திருத்துவதற்கு முந்தைய ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. உலை பற்ற வைக்கிற நேரம், மத்தியானம் வந்து போடுகிறேன்.