காத்தாடி சைட்ல இருந்து வெளிநாட்டு படிப்பு: கனடாவா, யூகேவா, ஜெர்மனியா?

அம்பை_காத்தாடி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு அம்பாசமுத்திரம் பக்கம், வயசு 26. 2021-ல மெக்கானிக்கல் முடிச்சேன், சிஜிபிஏ 7.1, இருந்த ஒரு அரியரையும் கடைசி செமஸ்டர்ல கிளியர் பண்ணியாச்சு. இப்போ பணகுடி பக்கம் காத்தாடி சைட்ல, அதாவது கரண்ட் எடுக்கிற காற்றாலைல, சர்வீஸ் என்ஜினியரா இருக்கேன், உச்சில மெஷின் இருக்கிற நாசெல்ல ஏறி றெக்கைய திருப்புற பிட்ச் மோட்டார் மாத்துறது, கியர்பாக்ஸ் ஆயில் சாம்பிள் எடுக்கிறது, போல்ட் இறுக்கம் சரியான்னு டார்க் செக் பண்றது இதெல்லாம்தான் வேல. ஆடி மாசம் காத்து அடிக்கும்போது மேல ஏற விடமாட்டாவ, ஏதாவது ஒரு மெஷின் நின்னுச்சுன்னா மட்டும் ஆபீஸ்ல இருந்து போன் மேல போன் வரும். சம்பளம் சொல்லிக்கிற மாதிரி இல்ல.

வெளிய போயி படிச்சிட்டு அங்கேயே ஒரு நல்ல வேலைல உக்காரணும்னு ஆச. நெல்லை வண்ணாரப்பேட்டைல ஒரு கன்சல்டன்சிக்கு போனேன், அவிய கனடால ரெண்டு வருஷ காலேஜ் கோர்ஸ், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், அத முடிச்சா மூணு வருஷம் வொர்க் பெர்மிட் அப்புறம் நிரந்தரமா தங்குற பிஆர் கன்ஃபார்ம்னு ஒரே போடா போடுதாவ. மச்சான் ஒருத்தன் யூகேல ஒரு வருஷத்துல மாஸ்டர்ஸ் முடிஞ்சிரும் டக்குனு வேலைக்கு போயிரலாம்ங்கான். சைட்ல கூட வேல பாக்க அண்ணன் ஒருத்தரு ஜெர்மனிக்கு ஃபீஸே கிடையாது அங்க போலேங்காரு. அப்பா ரிட்டயர்டு, பாளைல ஒரு வீட்டு மனை கெடக்கு, கல்லிடைக்குறிச்சில கன்னடியன் கால்வாய் பாசனத்துல கொஞ்சம் வயல் இருக்கு. லோன் போட்டாத்தான் ஆகும். எந்த நாட்டுக்கு போனா படிச்ச பொறவு வேல நிக்கும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஜெர்மன்லாம் எனக்கு சுட்டுப்போட்டாலும் வராது, அதையும் இப்பவே சொல்லிட்டேன்.

---

ஸ்கார்பரோ_அக்கா எழுதினது:

தம்பி, நான் கனடாலதான் இருக்கேன், மூலக்கரைப்பட்டி பிள்ள. அந்த கன்சல்டன்சிக்காரன் சொல்றது 2022-ல உண்மையா இருந்திருக்கும். 2024 ஜனவரில இருந்து இங்க ஒவ்வொண்ணா மாத்திட்டே வாராங்க, அவங்க இன்னும் பழைய நோட்டீஸையே நீட்டுறாங்க போல.

முக்கியமா ஒண்ணு. காலேஜ் டிப்ளமோ, சர்ட்டிபிகேட் கோர்ஸுக்கு இப்போ படிச்சு முடிச்சா தானா வொர்க் பெர்மிட் வந்துரும்னு கிடையாது. 2024 நவம்பர் 1-க்கு அப்புறம் ஸ்டடி பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணவங்களுக்கு, படிக்கிற துறை ஆள் தட்டுப்பாடு இருக்கிற லிஸ்ட்ல இருக்கணும். மருத்துவம், சயின்ஸ் டெக்னாலஜி பக்கம், எலக்ட்ரீஷியன் வெல்டர் மாதிரி கைத்தொழில், இப்படி போகும் அந்த லிஸ்ட். பிசினஸ் பக்கம் விழுற கோர்ஸ் பலதுக்கு அதுல எடமே இல்ல. ஒவ்வொரு கோர்ஸுக்கும் சிஐபி கோடுன்னு ஆறு நம்பர் உண்டு. அந்த கன்சல்டன்சிகிட்ட அண்ணே என் கோர்ஸோட சிஐபி கோடு என்னன்னு வாட்ஸ்அப்ல எழுத்துல கேளு, வந்த நம்பர கனடா குடியேற்ற துறை ஐஆர்சிசி வெப்சைட்ல இருக்கிற லிஸ்ட்ல நீயே தேடிப்பாரு. வாயால சொன்னா ஒத்துக்காத.

யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ்னா இந்த துறை கட்டுப்பாடு கிடையாது, மூணு வருஷ பெர்மிட்டும் கிடைக்கும், ஆனா ஃபீஸ் வேற மாதிரி, உன் 7.1-க்கு இன்ஜினியரிங் சீட்டு லேசுல வராது. கையில காட்ட வேண்டிய பணமும் முன்ன 10,000 டாலர், 2025 செப்டம்பர்ல இருந்து 22,895 கனடியன் டாலர், அதுல ஃபீஸ் சேர்த்தி இல்ல.

பிஆர் கன்ஃபார்ம்னு எவன் சொன்னாலும் எந்திரிச்சு வந்துரு. பிஆருக்கு ஆள் எடுக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரில பாயின்ட்தான் கணக்கு, 29 வயசு வரைக்கும் வயசுக்கு முழு பாயின்ட், 30 பொறந்தா வருஷா வருஷம் கொறையும். உனக்கு 26, ரெண்டு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் வேல, அங்கேயே 29 ஆயிருது. முன்ன வேல ஆஃபர் இருந்தா பாயின்ட் உண்டு, 2025 மார்ச்ல அதையும் எடுத்துட்டாங்க. இங்க வந்த நம்மூரு பசங்க நெறைய பேரு படிச்சது ஒண்ணு, ராத்திரி வேர்ஹவுஸ்ல பெட்டி அடுக்குறது ஒண்ணுன்னு இருக்காங்க, அதெல்லாம் பிஆருக்கு தேவையான ஸ்கில் அனுபவத்துல சேராது. காத்தாடி வேல இங்கயும் இருக்கு, அதுக்கு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் எதுக்குடா? அத உனக்கு யாரு தேர்ந்தெடுத்தா, நீயா அவங்களா?

---

லெஸ்டர்_வள்ளியூரான் எழுதினது:

யூகே பத்தி நான் சொல்லுதேன், சுருக்கமா. ஒரு வருஷத்துல முடியும்ங்கிறது வாஸ்தவம். படிச்சிட்டு ரெண்டு வருஷம் கிராஜுவேட் ரூட் விசால தங்கலாம்னு இருந்தது, 2027 ஜனவரி 1-ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம்தான். 2026 செப்டம்பர்ல நீ வந்தாலும் முடிக்கிறது 2027 கடைசில, அப்போ உனக்கு 18 மாசம். அதுக்குள்ள ஸ்பான்சர் பண்ற கம்பெனி பிடிக்கணும், ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு பொதுவா வருஷம் 41,700 பவுண்டு சம்பளம் காட்டணும், புதுசா வர்றவங்களுக்கு கொஞ்சம் தளர்த்தி 33,400. இன்டர்வியூல எல்லாம் நல்லா போகும், கடைசில ஸ்பான்சர் வேணுமான்னு கேப்பான், ஆமான்னதும் ரெண்டு நாள்ல வருந்துகிறோம்னு மெயில் வந்து நிக்கும். என்கூட படிச்ச பாதி பேருக்கு இதே கதைதான். கல்யாணம் பண்ணி கூட்டிட்டு வரலாம்னு நெனச்சேன்னா சாதா மாஸ்டர்ஸுக்கு 2024 ஜனவரில இருந்து அதுவும் கிடையாது.

கடலுக்குள்ள காத்தாடி வைக்கிற வேல இங்க பெருசு, ஹல், அபர்டீன் பக்கம்லாம் இருக்கு. ஆனா டெக்னீஷியனா எடுக்க அவனுக்கு உள்ளூர் ஆளு போதும். காசு அதிகம் இருந்து, பேரு பெத்த யுனிவர்சிட்டில சீட்டு கெடச்சா வா. லோன் போட்டு ஏதோ ஒரு யுனிவர்சிட்டிக்கு வராத மக்கா.

---

பாளை_பழைய_பேங்க்காரன் எழுதினது:

தம்பி, நாட்ட பத்தி மத்தவங்க சொல்லட்டும். நான் பேங்க்ல லோன் சீட்டுல கெடந்தவன், துட்டு கணக்க மட்டும் சொல்லுதேன்.

வயல வச்சு லோன் வாங்கலாம்னு நெனப்பு இருந்தா விட்டுருங்க. கன்னடியன் கால்ல ரெண்டு போகம் வெளையுற நெலமா இருந்தாலும் எஜுகேஷன் லோனுக்கு விவசாய நெலத்த பொதுவா பேங்க் அடமானமா எடுக்காது, காரணம் கடன் வராட்டி பேங்க் அடமான சொத்த பிடிக்கிற சர்ஃபாசி சட்டத்துல விவசாய நெலத்த பிடிக்க முடியாது. மனை ஓகே. ஆனா அப்ரூவ்டு பிளாட்டான்னு பாருங்க, மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம் போட்டு பாத்து வச்சுக்கோங்க. தாத்தா பேர்லயே பட்டா கெடந்து, அத்தமாருக்கு பங்கு இருக்கா இல்லையான்னு வக்கீலு லீகல் ஒப்பீனியன்ல கேள்வி போட்டு, அட்மிஷன் லெட்டர கையில வச்சுக்கிட்டு தாலுகா ஆபீஸுக்கு அலைஞ்ச பிள்ளைகள நெறைய பாத்திருக்கேன். சீட்டு வாரதுக்கு முன்னாடியே இத முடிங்க.

7.5 லட்சத்துக்கு மேல போனா கவர்மென்ட் பேங்க்ல பெரும்பாலும் அடமானம் கேப்பாங்க. அடமானம் இல்லாம தாரேன்னு வர்ற பைனான்ஸ் கம்பெனில வட்டி கூடுதல். இப்போ ஒரு கணக்கு. 30 லட்சம், வட்டி பத்தரை பர்சன்ட், பத்து வருஷம்னா மாசம் 40,500 பக்கம் வரும். அது இன்னிக்கே கட்ட ஆரம்பிச்சா. நீங்க படிக்கிற ரெண்டு வருஷம் ப்ளஸ் ஒரு வருஷம் தவணை இல்லன்னு சொல்லுவாங்க, வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். மொத்த பணத்தையும் மொதல்லயே எடுத்திருந்தா மூணு வருஷத்துல ஒம்பது லட்சத்துக்கு மேல ஏறி நிக்கும், தவணை 50,000-த்த தாண்டிரும். படிக்கும்போதே மாசா மாசம் அந்த வட்டிய மட்டும் அப்பா கட்ட முடியுமான்னு பாருங்க, பெரிய வித்தியாசம் வரும்.

இதுல நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அங்க வேல கெடைக்காம திரும்பி வந்து பணகுடி சம்பளத்துல இந்த தவணைய கட்ட முடியுமா? முடியாதுன்னா அந்த நாடு உங்களுக்கு வேண்டாம், இல்ல அந்த தொகை வேண்டாம்.

---

பிரேமர்ஹாஃபென்_பாபநாசம் எழுதினது:

லே அம்பை, நானும் அந்தப் பக்கம்தான், இப்போ ஜெர்மனில காத்தாடி கம்பெனில இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுதேன் பொறுத்துக்கோ.

ஃபீஸ் கிடையாதுங்கிறது பாதி உண்மை. கவர்மென்ட் யுனிவர்சிட்டில பெரும்பாலும் கிடையாது, செமஸ்டருக்கு சில நூறு யூரோ கட்டணம் மட்டும். பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல நம்மள மாதிரி வெளியாளுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டில இப்போ மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000-ல இருந்து 6,000 வரைக்கும் ஆக்கிட்டான். பெர்லின்ல தனியார் யுனிவர்சிட்டின்னு கன்சல்டன்சி தள்ளுவான் பாரு, அவன்கிட்டதான் கமிஷன் உண்டு, கவர்மென்ட் யுனிவர்சிட்டி எவனுக்கும் கமிஷன் குடுக்காது, அதனாலதான் உன் கன்சல்டன்சி ஜெர்மனி பேரையே எடுக்கல.

பணம்னு பாத்தா பிளாக்டு அக்கவுன்ட்ல 11,904 யூரோ போடணும், யூரோ நூறு ரூபான்னு வச்சாலே 12 லட்சம் பக்கம். அது உன் பணம்தான், மாசம் 992 யூரோவா உனக்கே திரும்பி வரும், அதுலதான் வாடக சாப்பாடு எல்லாம். ரெண்டாவது வருஷத்துக்கு விசா நீட்டிக்கும்போது மறுபடியும் பணம் காட்டணும், அதுக்குள்ள பார்ட் டைம் பிடிச்சிரணும். வருஷத்துக்கு 140 முழு நாள் வேல பாக்கலாம். நம்ம படிப்பு பேப்பர்லாம் உண்மைதானான்னு பாத்து குடுக்கிற ஏபிஎஸ் சர்ட்டிபிகேட் 2022 நவம்பர்ல இருந்து நமக்கு கட்டாயம், 18,000 ரூபா, அத முதல்ல போடு, அது இல்லாம விசாவுக்கு போக முடியாது.

உன் 7.1-ஐ இங்க தலகீழா பாப்பாங்க, 1 தான் பெஸ்ட், 4 பாஸ். பத்துக்கு பாஸ் 5-ன்னு வச்சு போட்டா 2.74 வருது. 2.5-க்குள்ள கேக்குற எடம்லாம் போச்சு. பயப்படாத, ஹோக்‌ஷூலேன்னு சொல்ற அப்ளைடு சயின்ஸ் காலேஜ்ல பாரு, அனுபவத்துக்கு மதிப்பு குடுக்கிற எடங்க இருக்கு. வடக்க டென்மார்க் பார்டர்ல ஃப்ளென்ஸ்பர்க்னு ஒரு ஊரு, அங்க விண்ட் இன்ஜினியரிங்னே ஒரு மாஸ்டர்ஸ் இங்கிலீஷ்ல இருக்கு. அந்த கோர்ஸ்ல உக்காருறவங்கள்ல நாசெல்ல ஏறி கையில கிரீஸ் பட்டவன் எத்தன பேரு இருப்பான்? உன்கிட்ட ஜிடபிள்யூஓ சேஃப்டி சர்ட்டிபிகேட் இருக்குமே, உயரத்துல வேல பாக்குறது, ஃபர்ஸ்ட் எய்டு, அதெல்லாம். அது உலகம் பூராவும் செல்லும். காலாவதி ஆகாம பாத்துக்கோ, சி.வி.-ல (பயோடேட்டால) இங்க இருக்கவனுக்கு புரியுற மாதிரி எத்தன மெகாவாட் மெஷின், என்ன மாடல், என்ன கம்பொனென்ட் மாத்துனன்னு எழுது. உன் சைட் வேலைய நீயே சாதாரணமா பேசுத, இங்க அதுதான் உன் முதல்.

இப்போ கசப்பான சங்கதி. கோர்ஸ் இங்கிலீஷ்ல, வேல ஜெர்மன்ல. காத்தாடி உச்சில ரெண்டு பேரு நிக்கும்போது ஒருத்தன் கத்துறது இன்னொருத்தனுக்கு புரியலன்னா உசிருக்கு ஆபத்து, எந்த கம்பெனியும் அதுல சமாதானம் ஆகாது. ஆபீஸ் வேலன்னாலும் பி1, பி2 லெவல் ஜெர்மன் கேப்பான். படிச்சு முடிச்சா 18 மாசம் வேல தேட விடுவான், ஜெர்மன் இல்லாம அந்த 18 மாசமும் அப்ளிகேஷன் போட்டே போயிரும். இங்க பட்டம் வாங்கி, படிப்புக்கேத்த வேலைல ரெண்டு வருஷம் இருந்து, பி1 ஜெர்மனும் இருந்தா நிரந்தர அனுமதிக்கு போடலாம், பாத்தியா அதுலயும் ஜெர்மன். சுட்டுப்போட்டாலும் வராதுன்னு மட்டும் சொல்லாத. ஜெர்மன் பரீட்சைக்கு சென்னைக்கு ஓட வேண்டாம், திருவனந்தபுரத்துல ஜெர்மன் சொல்லித்தந்து பரீட்சை வைக்கிற கோத்தே சென்ட்ரம் இருக்கு, நமக்கு அதுதான் பக்கம். கேரளா நர்ஸ் பிள்ளைங்க கூட்டம் ஜாஸ்தி, முந்திக்கோ.

---

நாங்குநேரி_மைனர் எழுதினது:

எல்லாரும் படிப்பு படிப்புங்கீங்க. எனக்கு ஒரு சந்தேகம், இவனுக்கு படிப்பு வேணுமா வேல வேணுமா? வெஸ்டாஸ் மாதிரி டென்மார்க் காத்தாடி கம்பெனிக்கு சென்னைல டெக்னாலஜி சென்டரே இருக்கு. உள்ள போயி ரெண்டு மூணு வருஷம் இருந்தா வெளிய அனுப்புற வாய்ப்பு வரலாம், வராமலும் போகலாம், ஆனா கடன் இல்ல. ஜெர்மனில சான்சென்கார்ட்டுன்னு 2024 ஜூன்ல இருந்து ஒண்ணு இருக்கு, ஒரு வருஷம் அங்க போயி வேல தேடலாம், பாயின்ட் கணக்கு. அமெரிக்காவ யாரும் சொல்லல, நல்லதாப்போச்சு, அங்க வேல பாக்கிற ஹெச்-1பி விசா வருஷத்துக்கு 85,000, அதுவும் லாட்டரி.

---

பிரேமர்ஹாஃபென்_பாபநாசம் எழுதினது:

மைனரே, சொன்னது சரிதான், ஆனா சான்சென்கார்ட்ல வந்து ஜெர்மன் இல்லாம நின்னா படிப்பும் இல்ல வேலையும் இல்ல. படிக்க வந்தா ரெண்டு வருஷம் மொழி கத்துக்க டைமாவது கெடைக்கும். சென்னைக்கு முயற்சி பண்றத ஜெர்மன் படிச்சிக்கிட்டே பண்ணட்டுமே, ஒண்ணு இன்னொண்ண கெடுக்காது.

---

அம்பை_காத்தாடி எழுதினது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்கார்பரோ அக்கா சொன்னபடி கன்சல்டன்சில சிஐபி கோடு கேட்டு வாட்ஸ்அப் போட்டேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல, ஆனா இன்னிக்குள்ள அட்வான்ஸ் கட்டுனா டிஸ்கவுன்ட்டுன்னு தனியா ஒரு மெசேஜ் மட்டும் வந்துச்சு. பேங்க் அண்ணாச்சி, மனை பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கு, அத்த ரெண்டு பேரு உண்டு, அப்பாகிட்ட சொன்னதும் மூஞ்சி மாறிட்டு. பாபநாசம் அண்ணே, நான் ஜெர்மன் ஆரம்ப லெவல் ஏ1-க்கு ஆன்லைன்ல ஒரு கிளாஸ்ல சேந்துட்டேன், பேர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற டெர், டீ, தாஸ்லயே தல சுத்துது. காலேஜ்ல இருந்து வேற என்ன பேப்பர் எடுத்து வைக்கணும்? அரியர் பிரச்சன ஆகுமா?

---

பிரேமர்ஹாஃபென்_பாபநாசம் எழுதினது:

ஒரு அரியருக்கு எவனும் கதவ மூடமாட்டான். எல்லா செமஸ்டர் மார்க்ஷீட், டிகிரி சர்ட்டிபிகேட், அப்புறம் நீ படிச்ச ரெகுலேஷனோட சிலபஸ் முழுசும் எடு, இங்க பேர பாத்து சேக்கமாட்டான், தெர்மோடைனமிக்ஸ் எத்தன கிரெடிட், கணக்கு எத்தன கிரெடிட்னு ஒவ்வொண்ணா கூட்டுவான். வேல பாக்குற எடத்துல எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல வெறும் டெசிக்னேஷன் மட்டும் போடாம என்ன வேல பாத்தன்னு ரெண்டு பத்தி எழுதச் சொல்லு. குளிர்கால செமஸ்டருக்கு நெறைய எடத்துல ஜூலை 15 கடைசி, சில காலேஜ் மார்ச், மே மாசத்துலயே மூடிரும், ஒவ்வொரு கோர்ஸ் பேஜ்லயும் தனித்தனியா பாரு. ஏபிஎஸ் வர லேட்டாகும், அத இந்த வாரமே போடு.

---

பாளை_பழைய_பேங்க்காரன் எழுதினது:

தம்பி, அத்தமார்கிட்ட அப்பாவ விட்டு பேசச் சொல்லாதீங்க, நீங்களே ஒரு நாயித்துக்கெழம போயி விஷயத்த சொல்லுங்க. அவங்க பங்க விட்டுக்குடுத்து விடுதலை பத்திரம் போட்டா மனை உங்க அப்பா பேருக்கு வந்துரும், பொறவு பட்டா மாறுதலுக்கு ஆன்லைன்லயே மனு குடுக்கலாம். ரெண்டு மாசமாவது இழுக்கும்.