புதுப்பிப்பு: ஒளி குறையக் குறைய மின்னூட்ட ஆயுட்காலம் ஏறுவது ஏன்? (விடை கிடைத்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: 100 நானோமீட்டர் தடிமனுள்ள கரிமச் சூரிய மின்கலத்தில், லேசர் துடிப்புக்குப் பின் வோல்டேஜ் தணியும் நேரம் ஒரு சூரிய ஒளியில் (முழு வெயிலுக்குச் சமமான ஒளி) சுமார் 1 மைக்ரோவினாடி. பின்னணி ஒளியைக் குறைத்தால் 100 மைக்ரோவினாடி வரை எகிறுகிறது. மறுஇணைவு (எலக்ட்ரானும் துளையும் மீண்டும் சேர்ந்து மறைவது) அவ்வளவு மெதுவாகவா நடக்கும்?

இல்லை. "மின்தேக்குத்திறனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 27 நானோஃபாரட். அதை அறை வெப்பநிலையின் வெப்ப வோல்டேஜான 26 மில்லிவோல்ட்டாலும் ஐடியாலிட்டி காரணி (கலம் இலட்சிய டையோடிலிருந்து விலகும் அளவைச் சொல்லும் எண்) 1.5-ஆலும் பெருக்கி, குறைந்த ஒளியில் வரும் ஒளிமின்னோட்டம், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஆம்பியரால் வகுத்தால் சுமார் 105 மைக்ரோவினாடி. அட, அளந்ததும் கிட்டத்தட்ட அதேதான்! மின்முனைகளில் தேங்கிய மின்னூட்டம் வடியும் நேரத்தைத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறோம்.

எதிர்பாராதது ஒன்று: கலத்தின் பரப்பைக் குறைத்தும், ஒளிக்கு எதிரே ஆயுட்காலத்தை வரைந்த கோடு அசையவே இல்லை. மின்தேக்குத்திறனும் மின்னோட்டமும் ஒன்றாகவே சுருங்குவதால் விகிதம் மாறாது. பரப்பைக் குறைப்பது, அலைக்காட்டியின் உள்ளீட்டுத் தடையை 50 ஓமில் வைத்து எடுக்கும் ஒளிமின்னோட்டத் தணிவுக்குத்தான் உதவும். வோல்டேஜ் அளவீட்டுக்கு அலைக்காட்டி 1 மெகாஓமிலேயே இருக்கட்டும்.

இப்போது ஒரு சூரிய ஒளிக்கு அருகிலுள்ள புள்ளிகளை மட்டுமே மறுஇணைவுக்கு எடுத்துக்கொள்கிறேன். அங்கே இதே கணக்கு தருவது 0.1 மைக்ரோவினாடிதான்; அளந்த 1 மைக்ரோவினாடியைவிட அது மிகக் குறைவு.