வழக்கு இழுத்தால் ஜூரி தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்? சட்டம் தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம். ஜூரி முறை (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழு தீர்ப்புச் சொல்லும் முறை) பற்றி எழுதும் கட்டுரையில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

நீதிமன்றத்துக்கு நிதி குறைந்தால் வழக்கு இழுக்கும்; அதுவரை தெளிவு. இதற்குக் கடிவாளமும் உண்டு. கனடா உச்ச நீதிமன்றம் 2016இல் ஜோர்டன் வழக்கில், உயர்நிலை நீதிமன்ற விசாரணைகளுக்கு 30 மாத வரம்பு வைத்தது. அதைத் தாண்டாமல், ஆனால் தாமதமாக நடக்கும் வழக்கில் ஜூரி என்ன செய்யும்?

இரண்டு வருடம் கழித்துக் கூண்டேறும் சாட்சி, "சட்டை நீலமா பச்சையா, சரியா ஞாபகம் இல்லீங்க" என்கிறார். குறுக்கு விசாரணைக்கு அது ஒன்றே போதும். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, என்பதால் விடுதலைதான் கூடும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் எதிரித் தரப்பு சாட்சிக்கும் மறதி வருமே!

இன்னொரு சிக்கல்: காவலில் இருப்பவர் காத்திருக்க முடியாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால், ஜூரிவரை வரும் வழக்குகளின் ரகமே மாறிவிடும். அப்புறம் வெறும் விடுதலை சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

இவ்விரண்டையும் பிரித்து அலசிய ஆய்வு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஜூரி விசாரணைகளில் வாதாடியவர்கள் இருந்தால், நேரில் பார்த்ததையும் எழுதுங்கள். அதற்குத்தான் அதிகம் காத்திருக்கிறேன்.