ஓபாசிட்டிக்குத் தமிழ்ச் சொல்: டீசல் பிக்கப் புகைச் சோதனைக் கட்டுரைக்காக

ந., சாக்ரமெண்டோ

கலைச்சொல் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை எங்கள் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டுரை வாசிக்கிறார்கள். ஒரு மாணவர் டீசல் பிக்கப்புகளுக்குக் கலிபோர்னியாவில் நடக்கும் ஸ்மாக் சோதனையை, அதாவது வண்டிப் புகை மாசுச் சோதனையை, எடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் பழைய ராம் 2500 டீசல் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அப்பாவோடு சோதனை நிலையத்துக்குப் போய் நின்று பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். வண்டிக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தது, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் வயரைச் செருகியது, ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்துவிட்டுப் பின்னால் குழாயைப் பார்த்தது என்று ஒன்று விடாமல் எழுதிவிட்டார். 1997-க்குப் பிந்திய, மொத்த எடை 14,000 பவுண்டுக்கு மிகாத டீசல் வண்டிகளுக்கு 2010 முதல் இந்தச் சோதனை உண்டு, இரண்டு ஆண்டுக்கொருமுறை என்பதும் சரியாக இருக்கிறது.

சிக்கல் அடுத்த பத்தியில். அதைவிடக் கனமான பழைய லாரிகளுக்குக் கருவி வைத்து அளக்கிறார்கள். புகைக்கரியைப் பிடிக்கும் துகள் வடிகட்டி உள்ள லாரியின் புகையில் ஓபாசிட்டி, அதாவது புகை ஒளியைத் தடுக்கும் அளவு, 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்த ஓபாசிட்டிக்கு என்ன எழுதச் சொல்வது? பாடநூலில் இருக்கும் "ஒளிபுகாமை"யைப் போட்டார். "5 விழுக்காடு ஒளிபுகாமை" என்று வாசித்தபோது வகுப்பில் யாருக்கும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

வே., ஆஸ்டின்

"ஓபாசிட்டி" என்றே எழுதிவிடலாமே. அந்தப் பிள்ளை நாளைக்கு லாரிச் சோதனை நிலையத்துக்குப் போனாலும் ரசீதில் அதைத்தான் பார்க்கப் போகிறது. பிக்கப்பைப் பிக்கப் என்கிறோம், டீசலை டீசல் என்கிறோம், இந்த ஒன்றை மட்டும் ஏன் பெயர்க்க வேண்டும்?

தகவலுக்காக இன்னொன்று. டெக்சஸில் இந்தச் சொல்லே தேவைப்படாது. இங்கே மாசுச் சோதனை ஹாரிஸ், டாலஸ், டிராவிஸ் போன்ற சில கவுண்டிகளில் மட்டும், அதுவும் பெட்ரோல் வண்டிக்கு. டீசலுக்கு விலக்கு. பிரேக், விளக்கு, டயர் பார்க்கும் பாதுகாப்புச் சோதனை எல்லா வண்டிக்கும் இருந்தது. அதையும் 2025 ஜனவரி 1 முதல் தனியார் வண்டிகளுக்கு எடுத்துவிட்டார்கள். ஆனால் 7 டாலர் 50 சென்ட் கட்டணம் மட்டும் பதிவுப் பணத்தோடு சேர்ந்து வந்துகொண்டிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மூன்று டன் வண்டி தேய்ந்த டயரோடு நெடுஞ்சாலையில் பக்கத்தில் வரும்போது தெரியும் அந்தச் சோதனையின் அருமை.

ச., கோவை

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் நடத்துகிறவன் என்ற முறையில் முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன், சொல் அப்புறம் வரட்டும்.

கருவி மிக எளிது. ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளியை உணரும் கண், நடுவில் புகை. விளக்கிலிருந்து கிளம்பிய ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கு மறுபக்கம் வந்து சேரவில்லை என்பதுதான் ஓபாசிட்டி. 0 என்றால் முழு ஒளியும் வந்துவிட்டது, 100 என்றால் ஒன்றும் வரவில்லை. நம் ஊர் புகைச் சோதனை மையத்திலும் டீசலுக்கு இதே தத்துவந்தான். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து எடுக்கிறோம். பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதி)-க்கு முந்திய வண்டிக்கு, ஓபாசிட்டியைக் காட்டும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் 65, பி.எஸ். 4-க்கு 50 என்பது வரம்பு.

பட்டறையில் "வண்டி எவ்வளவு அடிக்குது?", "புகை ரீடிங் என்ன வந்துச்சு?" என்றுதான் கேட்பார்கள். ஆகவே என் பரிந்துரை "புகையளவு". டிரைவருக்கும் புரியும், மாணவனுக்கும் புரியும்.

அ., புதுச்சேரி

> ஆகவே என் பரிந்துரை "புகையளவு".

அளவு என்றால் எடையா, கன அளவா, செறிவா? லாரி ஒரு மைலுக்கு எத்தனை கிராம் துகள் விடுகிறது என்பதும் புகையளவுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு ஒரே பத்தியில் இரண்டும் வரும்போது தவிப்போம். கலைச்சொல்லுக்குப் புரிதல் மட்டும் போதாது, பக்கத்துச் சொல்லோடு மோதாமலும் இருக்க வேண்டும்.

"புகைக்கருமை" என்று யாராவது சொல்வதற்குள் அதையும் மறுத்துவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளைக் கட்டங்கட்டமாக வரைந்து, அதோடு ஆலைப் புகையை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். 1-ஆம் எண் 20 விழுக்காடு கருமை, 5-ஆம் எண் முழுக் கறுப்பு. அந்தக் காலத்துக்கு அது சரி. ஆனால் டீசல் வண்டி வெள்ளைப் புகையும் விடும், நீலப் புகையும் விடும். எரியாத எரிபொருளும் குளிர்விப்பானும் வெள்ளையாக வரும், ஆயில் எரிந்தால் நீலமாக வரும். இரண்டும் ஒளியைத் தடுக்கும். கருமை எங்கே இருக்கிறது?

த., தஞ்சாவூர்

அன்பர்களே,

ஒளிபுகாமை என்பது எதிர்மறைத் தொழிற்பெயர். புகும் அல்லது புகாது, இரண்டில் ஒன்றுதான். "5 விழுக்காடு புகாமை" என்றால் காது ஏற்க மறுப்பது இதனால்தான். உடன்பாட்டுச் சொல்லே வேண்டும். அப்படியொரு சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது.

குறுந்தொகை 167-ஆம் பாட்டைப் பாருங்கள். புதுமணப் பெண் கணவனுக்குப் புளிக்குழம்பு சமைக்கிறாள். "குவளை யுண்கண் குய்ப்புகை கழும". தாளிக்கும் புகை கண்ணில் போய் நிறைகிறது, பார்வை கலங்குகிறது. புகை, கண், பார்வைக்கு வரும் தடை மூன்றும் ஓரடியில்! கூடலூர் கிழார் அதற்குப் போட்ட வினை "கழும". தொல்காப்பியர் உரியியலில் "கழுமென் கிளவி மயக்கஞ் செய்யும்" என்று பொருளும் வகுத்துவிட்டார். மயக்கம் என்றால் கலத்தல். ஒளியும் புகையும் கலந்து தெளிவு கெடுவதுதானே நீங்கள் கேட்பது? "கழுமம்" என்று வையுங்கள். "புகைக் கழுமம் 5 விழுக்காடு."

இ., டொரண்டோ

ஐயா, பாட்டு அருமை. ஆனால் "கழுமம்" என்றதும் எனக்குக் கழுமரம்தான் நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வரும்.

இலங்கையில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனால் "புகைப் பரிசோதனைச் சான்றிதழ்" கேட்பார்கள். அது எல்லோருக்கும் பழகிய சொல். அளவைப் பற்றிப் பேசும்போது "புகை அடர்த்தி" என்று எங்கட ஆக்கள் சொல்வதுண்டு. அதை ஏன் எடுக்கக்கூடாது? ஒண்டாரியோவில் 2019 ஏப்ரலோடு பயணிகள் வாகனங்களுக்கான புகைச் சோதனை நின்றுவிட்டது, கனரக டீசல் வாகனங்களுக்குத் தொடர்கிறது. அதனால் இங்கும் இந்தச் சொல்லுக்குத் தேவை இருக்கிறது.

ச., கோவை

அடர்த்தி என்றால் இயற்பியல் மாணவன் நிறையைக் கன அளவால் வகுக்கத் தொடங்கிவிடுவான். அது வேண்டாம் அம்மா.

த., தஞ்சாவூர்

கழுமரத்தை நினைத்துக் கழுமத்தைக் கைவிடுவது நியாயமில்லை. சீர்காழியின் பன்னிரண்டு பெயர்களில் ஒன்று கழுமலம். சம்பந்தர் அந்தப் பெயரை எத்தனை பதிகத்தில் பாடியிருக்கிறார்! அங்கே யாருக்கும் கழுமரம் நினைவுக்கு வருவதில்லை. மலத்தைக் கழுவும் ஊர் என்பது சைவர் கொள்ளும் பொருள். என் கருத்து வேறு. கடல் பொங்கிக் கலந்து மயங்கிய இடம் என்பதால் கழுமலம். இதே ஊருக்குப் புகலி என்றும் பெயர் உண்டு. புகு என்னும் வேரிலிருந்து புகலி. எதனுள்ளும் புகுவதால் புகைக்கும் அதுவே வேர். ஆகவே "ஒளிபுகாமை" என்ற சொல்லில் புகையின் வேரே எதிர்மறையாக நிற்கிறது. புகுவதைப் புகாதது என்று அளப்பது சொல்லளவிலேயே முரண்.

அ., புதுச்சேரி

> எதனுள்ளும் புகுவதால் புகைக்கும் அதுவே வேர்.

இதற்குச் சான்று இல்லை ஐயா. பர்ரோ–எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் புகு தனிப் பதிவு, புகை தனிப் பதிவு. ஒலி ஒத்திருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது.

எதிர்மறைச் சொல்லுக்கு விழுக்காடு வராது என்பதையும் நான் ஏற்கவில்லை. "எழுத்தறியாமை 20 விழுக்காடு" என்று நாளிதழில் தினமும் படிக்கிறோமே. ஒளிபுகாமையின் குறை இலக்கணத்தில் இல்லை. கண்ணாடி, பலகை, எண்ணெய்த் தாள் என்று ஒளி புகும் பொருள், புகாப் பொருள் பாடத்தோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாணவர் மனத்தில் அது பொருளின் வகை. இங்கே தேவைப்படுவதோ ஓர் அளவு.

வே., ஆஸ்டின்

ஒன்று கேட்கலாமா? மாணவரின் தலைப்பு பிக்கப். பிக்கப்புக்குக் கலிபோர்னியாவில் கருவியே வைப்பதில்லை, புகை கண்ணுக்குத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியானால் இந்தச் சொல் லாரிப் பத்தியில் ஓரிடத்தில்தான் வரும். அதைவிடக் கட்டுரைக்கு உயிரான சொல் ஒன்று இருக்கிறது: "டிலீட்". துகள் வடிகட்டியைக் கழற்றிவிட்டு, கணினியில் மென்பொருளையும் மாற்றி ஓட்டுவது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் போட்ட கணக்கின்படி, அதற்கு முந்திய பத்தாண்டில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இப்படிச் செய்திருக்கிறார்கள். வண்டிக்காரர்கள் மட்டும் இல்லை. ராம் பிக்கப் எஞ்சின்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததென்ற வழக்கில் கமின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தச் செயலுக்குத் தமிழில் என்ன சொல்வது?

ச., கோவை

சரியான இடத்தைத் தொட்டீர்கள். புகைக் கருவிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது துகளை மட்டும் பார்க்கும். நைட்ரஜன் ஆக்சைடை அதனால் பிடிக்க முடியாது. யூரியாக் கரைசல் தெளித்து அதைக் குறைக்கும் பாகத்தை ஒருவர் கழற்றிவிட்டால் குழாயில் புகை ஒன்றும் கூடாது, கருவி "பாஸ்" காட்டிவிடும். அதனால்தான் கலிபோர்னியாவில் டார்ச் அடித்து எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று பார்த்து, வயரைச் செருகி வண்டியின் கணினியையும் கேட்கிறார்கள். நம் ஊர் மையங்களிலும் இதைச் செய்ய வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாணவர் இந்த இடத்தை விரிவாக எழுதினால் நல்லது.

இன்னொரு திருத்தம். பிக்கப்பைச் "சரக்கு வண்டி" என்று யாரும் பெயர்த்துவிடாதீர்கள். இங்கே பொலேரோ பிக்கப் வாடகை வண்டிக்கான மஞ்சள் பலகையோடு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும் வண்டி. அங்கே அது பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் குடும்ப வண்டி. அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனைக்கு "தகுதிச் சான்று" என்று போட்டாலும் இதே குழப்பம் வரும்.

ந., சாக்ரமெண்டோ

எல்லோருக்கும் நன்றி. டிலீட்டை அடுத்த இழைக்கு வைத்துக்கொள்வோம், இன்றைக்கே வியாழன் ஆகிவிட்டது. கட்டுரையில் அதைப் "பாகத்தைக் கழற்றிவிடுதல்" என்றே எழுதச் சொல்லிவிட்டேன். பேச்சுத் தமிழிலேயே பொருள் முழுதாக வந்துவிடுகிறது.

ஓபாசிட்டிக்கு ச. ஐயா முதலில் தந்த விளக்கத்திலிருந்தே ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எத்தனை பங்கு ஒளி வந்து சேரவில்லை, அதாவது எத்தனை பங்கைப் புகை மறைத்துவிட்டது. "ஒளிமறைப்பு." "புகையின் ஒளிமறைப்பு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது." வகுப்பில் மூன்று பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினேன். மூவரும் விளக்கம் கேட்காமலே பொருள் சொன்னார்கள்.

அ., புதுச்சேரி

வானியலில் ஒரு விண்பொருள் மற்றொன்றை மறைப்பதற்கு "மறைப்பு" என்கிறோம். ஆனால் துறை வேறு, "ஒளி" என்ற முன்னொட்டும் இருக்கிறது. மோதாது. கருவிக்கு "ஒளிமறைப்புமானி" என்றும் நீட்டலாம். ஏற்கிறேன்.

இ., டொரண்டோ

எனக்கும் சம்மதம். "நூற்றுக்கு 5 வீதம் ஒளிமறைப்பு" என்று எங்கட வழக்கிலும் இயல்பாகத்தான் வருகிறது.

ச., கோவை

புகையளவையே நான் விரும்புவேன். ஆனாலும் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தடையில்லை. பட்டறைக்காரர் "ரீடிங்" என்பதை விடப்போவதில்லை, அதுவும் இருக்கட்டும்.

வே., ஆஸ்டின்

முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் "ஓபாசிட்டி எனப்படும் ஒளிமறைப்பு" என்று எழுதச் சொல்லுங்கள். ரசீதோடு ஒப்பிட வசதியாக இருக்கும்.

த., தஞ்சாவூர்

பெரும்பான்மை முடிவுக்குக் குறுக்கே நிற்கவில்லை. மாணவர் ஒளிமறைப்பு என்றே வாசிக்கட்டும், என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். மறைப்பது என்றால் மறைப்பவனுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. "மறைப்பேன்மன் யானிஃதோ நோயை" என்கிறாள் குறள் தலைவி, வேண்டுமென்றே மறைக்கிறாள். புகைக்கு நோக்கம் ஏது? அது கலக்கிறது, கலங்க வைக்கிறது. சொற்பட்டியலில் ஒளிமறைப்புக்குப் பக்கத்தில் கழுமத்தையும் மாற்றுச் சொல்லாக ஏற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். டிலீட் பற்றிய இழை தொடங்கியதும் சொல்லுங்கள். "களைதல்" என்ற சொல்லைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உள்ளன.