மறுமொழி: ‘கழிவு வடிகட்டி’க்குப் பதிலாகப் ‘பற்றுமண்’

வணக்கம்.

> கழிவுநீரைத் தூய்மையாக்கும் மண்படுகையில் ஆலைகளின் துணைப்பொருள்களைக் கலக்கிறார்கள். அந்தக் கலவையைக் ‘கழிவு வடிகட்டி’ எனலாமா ஐயா?

எனக்கு உடன்பாடில்லை. கழிவை வடிப்பதா, கழிவால் ஆனதா? தொடர் இரு பக்கமும் இழுக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் ‘வடிகட்டி’ என்ற சொல்லில்தான். வடிகட்டி திப்பியைத் தடுக்கும். நாம் நிறுத்த நினைக்கும் பாஸ்பேட்டோ நீரில் கரைந்தே வருகிறது. எவ்வளவு நுண்மணலாக இருந்தாலும் நழுவிப்போய், ஏரியில் பாசி மண்டக் காரணமாகிறது.

அதைப் பிடித்துவைக்க இரும்பு, அலுமினியம், கால்சியம் வேண்டும். வெறும் மணலில் இவை குறைவு. அதனால்தான் எஃகாலைக் கிட்டம் (slag, உலையில் உருகி மிதக்கும் கழிவு), குடிநீரில் படிகாரம் இட்டுத் தெளியவைத்தபின் மிஞ்சும் வண்டல், பாக்சைட்டிலிருந்து அலுமினா பிரித்தபின் எஞ்சும் செஞ்சேறு போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். படிகார வண்டலிலுள்ள அலுமினிய ஹைட்ராக்சைடு பாஸ்பேட்டைத் தன் பரப்பிலேயே பிணைத்துக்கொள்கிறது. கிட்டம் வேறு வகை: கால்சியத்தை நீரில் கரையவிட்டு, காரத்தன்மையை ஏற்றி, பாஸ்பேட்டைக் கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படிய, அதாவது திண்மமாகப் பிரிந்து படிய, வைக்கிறது. ஆகவே adsorption என்பதற்கு நம் பாடநூல்கள் தரும் ‘பரப்புக் கவர்தல்’, இலங்கை வழக்கான ‘புறத்துறிஞ்சல்’ இரண்டுமே பாதி வேலையைத்தான் சொல்கின்றன.

‘பற்றுதல்’ பரப்பில் பிணைவது, வீழ்படிவது இரண்டையும் தழுவும். கலவை பற்றுமண், கலக்கும் பொருள் பற்றுப்பொருள், எவ்வளவு பிடிக்கும் என்பது பற்றுத்திறன், இனி இடமில்லை என்ற நிலை பற்றுநிறைவு. எனக்கு மிகவும் பிடித்தது பற்றுவிடல். படுகையில் நீர் தேங்கி உயிர்வளி (ஆக்சிஜன்) அற்றுப்போனால், எளிதில் கரையாத ஃபெர்ரிக் வடிவ இரும்பு, கரையும் ஃபெர்ரஸ் வடிவமாக ஒடுங்கிக் (reduction) கரைகிறது, அதுவரை பற்றியிருந்த பாஸ்பேட்டும் விடுபட்டு நீரோடு போகிறது. அலுமினியம் அப்படி ஒடுங்குவதில்லை. எங்கே எதைக் கலப்பது என்று முடிவெடுப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். அதைச் சொல்ல ஒரு சொல் தயாராக இருக்க வேண்டும்.

கணக்கேட்டில் ‘பற்று’ வேறு பொருள் தருமே என்று கேட்கலாம். உலோகங்களை ஒட்டவைக்கும் பொருளுக்குப் ‘பற்றாசு’ என்று பெயர் வைத்த மொழி இது. அங்கே யாரும் குழம்பவில்லை.

கிட்டத்தைக் ‘கசடு’ என்று எழுதுவதையும் நிறுத்துவோம். சாக்கடை அடியில் படிவதும் கசடு, உலையில் உருகி மிதப்பதும் கசடு என்றால், படுகையில் எதைக் கொட்டுவது என்றே படிப்பவருக்குத் தெரியாது. ‘இரும்புக்கிட்டம்’ அகராதியிலேயே இருக்கிறது. செஞ்சேற்றுக்கு மட்டும் இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அது காய்ந்து தூளாகவும் கிடைப்பதால் ‘சேறு’ எனக்கு முழு நிறைவு தரவில்லை.